பர்னபாஸின் ஈட்டி வரிசை

தச்சநல்லூரில் மீன் கடை வைத்திருக்கும் பர்னபாஸுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் இருப்புக் கொள்ளாது. கடையைக் கழுவிச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து குளித்து, மகள் அபிஷாவின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் கம்ப்யூட்டரில் சண்டை போடப் பழகிக்கொண்டிருந்தார். ஈட்டி, வில், குதிரை, கோட்டை என்று பழைய காலத்து ராஜாக்களின் சண்டை. தெருவில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் தொடங்குவார். சாத்திய கதவைத் தாண்டி "ஏலே, விடாதலே" என்ற அவர் சத்தம் அடுத்த தெருவரைக்கும் கேட்கும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

விளையாட்டுப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த விளையாட்டின் மறுமுனையில் அவரோடு ஒரே அணியில் நின்று சண்டை போட்டவன் அவருடைய மகன் அஜின். கத்தாரில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமைதான் அவனுக்கு விடுமுறை. அப்பனும் மகனும் விளையாட்டைத் தவிர வேறு எதையும் பேசிக்கொள்வதில்லை. அதற்கு முன்னால் மூன்று வருடம் அதுகூடக் கிடையாது.

அவர்களுக்குச் சொந்த ஊர் திசையன்விளைக்குத் தெற்கே கடற்கரை. ஒருவனைக் கடலில் காணவில்லை என்றால் அந்த ஊரில் யாரும் வலை போட மாட்டார்கள். எல்லா போட்டும் தேடப் போகும். காணாமல் போனவனின் சொந்தக்காரர் போட் முன்னால் போக வேண்டும். அது திரும்பாதவரை பின்னால் வருகிற எதுவும் திரும்பாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் மீறினவன் கிடையாது.

பர்னபாஸின் தம்பி ஜெபகனி ஒரு நாள் தனியாக வள்ளத்தில் போனவன் கரை வரவில்லை. பர்னபாஸ் அப்போது இடுப்பெலும்பு விலகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். அதனால் குடும்பத்து போட்டை ஓட்டிப் போனவன் அஜின். மூன்றாம் நாள் சாயந்தரம் கச்சான் என்கிற மேல்காற்று பலமாக ஏறிவிட்டது. மிச்சமிருந்த டீசல் கரை சேர மட்டும்தான் போதும். போட்டில் அவனோடு நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். அஜின் போட்டைத் திருப்பினான். அவன் திருப்பியதும் ஊர் போட் அத்தனையும் திரும்பிவிட்டது. ஜெபகனியின் உடல் கிடைக்கவே இல்லை.

பர்னபாஸ் கட்டிலில் கிடந்தபடியே சொன்னார்: "சித்தப்பன நடுக்கடல்ல விட்டுட்டு வந்தவன் என் வீட்டுல சோறு திங்க வேண்டாம்."

அஜின் கத்தார் போனான். பர்னபாஸ் போட்டை விற்றார். கல்லறைத் திருநாள் அன்று ஊரே குடும்பக் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றியது. ஜெபகனிக்குக் கல்லறை ஏது? கையில் வைத்திருந்த வர்த்தியை எங்கே நட்டுவைப்பது என்று தெரியாமல் பர்னபாஸ் வெகுநேரம் நின்றார். பிறகு தகப்பன் கல்லறையின் ஓரத்திலேயே அதையும் கொளுத்திவிட்டு வந்தார். மறுமாதமே குடும்பத்தோடு தச்சநல்லூருக்கு வந்துவிட்டார். கடலைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று வந்தவர், பிழைப்புக்கு மீனைத்தான் தொட வேண்டியிருந்தது.

அபிஷாதான் கெட்டிக்காரி. அண்ணனோடு அந்த விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தவள், ஒரு வெள்ளிக்கிழமை ஹெட்செட்டைக் கழற்றி அப்பா தலையில் மாட்டினாள். "ரெண்டு நிமிசம் இந்த ஆளுவள நகராம பாத்துக்கங்கப்பா, வந்துருதேன்" என்று போனவள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். முதலில் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எதிரிப் படை வந்தது. அப்புறம் அஜின் மெதுவாகச் சொன்னான்:

"ஈட்டிக்காரன முன்னால நிறுத்துங்க."

மூன்று வருடத்துக்குப் பிறகு மகன் சொன்ன முதல் வார்த்தை அது. பர்னபாஸ் ஈட்டிக்காரனை முன்னால் நிறுத்தினார்.

அப்படியே பாடம் வளர்ந்தது. ஈட்டிக்காரர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும், அப்போதுதான் குதிரை பாய்ந்து வராது. வில்லாளிகள் அவர்களுக்குப் பின்னால் மேட்டில். குதிரைப்படை இரண்டு ஓரத்திலும். ஓடுகிற எதிரியைத் துரத்தக் கூடாது. இதையெல்லாம் பர்னபாஸ் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வலை போட்ட மனிதருக்கு மேடு பள்ளம் பார்த்து ஆள் நிறுத்துவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை.

ஒன்று மட்டும் வரவில்லை. எங்காவது ஒரு சின்னக் கூட்டம் எதிரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் மனிதருக்குப் பொறுக்காது. ஈட்டி, வில், குதிரை என்று மொத்தப் படையையும் அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். வரிசை உடையும், எதிரி புகுந்துவிடுவான், பத்துப் பேரைக் காப்பாற்றப் போய் முந்நூறு பேரும் சாவார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அது இதுதான். வாராவாரம் இப்படியே தோற்றார்கள்.

"மாட்டுனவன் மாட்டுனதுதாம்ப்பா. அவனுக்காவ வரிசைய உடைக்காதீய" என்று அஜின் ஒருதரம் எரிச்சலில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. அன்றைக்கு அதற்குமேல் இருவரும் விளையாடவில்லை.

நவம்பர் கடைசியில் அஜினுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை கிடைத்தது. அம்மாவிடம் போனில் சொன்னான்: "அப்பா வாயால வான்னு ஒரு வார்த்த சொல்லட்டும், டிக்கெட் போட்டுருதேன்." அந்தோணியம்மாள் கணவனிடம் கெஞ்சினாள். சண்டை போட்டாள். இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். "வெள்ளிக்கிழம வெளயாடும்போது சொல்லுதேன்" என்றார் பர்னபாஸ். அவருக்கும் ஆசைதான். பெற்ற மனம் இல்லையா? ஆனால் சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்கிற நிலைமை.

வெள்ளிக்கிழமை வந்தது. அபிஷா அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அந்தோணியம்மாள் அடுப்படியில் நின்று காதை இங்கே வைத்திருந்தாள்.

அன்று எதிரிப்படை பெரியது. அஜின் தன் குதிரைகளோடு குன்றைச் சுற்றிப் போய்ப் பின்னால் இருந்து தாக்கப் பார்த்தான். அங்கே பதுங்கியிருந்த கூட்டம் அவனை நாலு பக்கமும் வளைத்துக்கொண்டது. பர்னபாஸின் கை மவுஸை நோக்கிப் போனது.

"அப்பா, வராதீய! என்னப் பாக்காதீய, வரிசைய உடைக்காதீய!"

பர்னபாஸ் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கையை அடக்க அவர் பட்ட பாடு அபிஷாவுக்குத் தெரிந்தது. திரையின் ஓரத்தில் மகனுடைய குதிரைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசிக் குதிரை விழுகிறவரைக்கும் அவர் கண்ணை எடுக்கவில்லை. எதிரிகள் அப்புறம் ஈட்டி வரிசை மேல் வந்து மோதினார்கள். வரிசை நின்றது. அவர்கள் சிதறி ஓடினார்கள்.

"அப்பா, ஜெயிச்சிட்டோம்ப்பா!" அஜின் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினான். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. பிறகு அவனே சொன்னான்: "அன்னைக்கு போட்டுல நாலு பேரு இருந்தாங்கப்பா."

"தெரியும்லே."

"நான் வேற என்ன செய்ய?"

"நீ செஞ்சது சரிதாம்லே" என்றார் பர்னபாஸ். "நாலு பேரையும் கர சேத்த. உன் மேல குத்தமில்ல."

மகன் அழுவது ஹெட்செட்டில் கேட்டது. அபிஷா அப்பாவின் தோளைத் தொட்டாள். இப்போது சொல்லிவிடுவார் என்றே அவளும் நினைத்தாள். பர்னபாஸும் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஜெபகனியின் முகம் வந்து நின்றது. சாயந்தர வெளிச்சத்தில் போட்டெல்லாம் வரிசையாகத் திரும்புவதை எங்கிருந்தாவது அவன் பார்த்திருப்பானோ என்ற நினைப்பு வந்தது. மூன்று வருடமாக வருகிற நினைப்புதான். மகன் மேல் குற்றமில்லை என்று ஒப்புக்கொண்டால் அது போய்விடும் என்று அவர் நம்பியிருந்தார். போகவில்லை. யார் மேலும் குற்றமில்லை என்று ஆனபின் அது இன்னும் பெரிதாக இருந்தது. 'வா' என்கிற ஒற்றை எழுத்தை அவரால் சொல்ல முடியவில்லை.

அஜின் காத்திருந்தான். வெகுநேரம் காத்திருந்தான்.

"சரிப்பா, அடுத்த வாரம் பாப்போம்" என்றான் கடைசியில். தொடர்பு அறுந்தது.

அந்தோணியம்மாள் அடுப்படியை விட்டு ஓடிவந்தாள். "என்ன, வரச் சொன்னியளா?"

பர்னபாஸ் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஜெயிச்சிட்டோம்" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கே திரும்பிப் போனாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அஜின் வரவில்லை.