மேத்தன் மணிக்கு எதிரே அஞ்சு நிமிஷம்

வாடகை முண்டுக்கென்று ஒரு வாடை உண்டு. பழைய கஞ்சி, மழைக்காலத்தில் சரியாகக் காயாத துணி, முன்னால் கட்டியிருந்தவரின் பவுடர், எல்லாம் கலந்த வாடை. போன மாதம் திருவனந்தபுரத்தில், பத்மநாபசாமி கோயில் கிழக்கு நடையில், சுடிதாரோடு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் என் மகள் அதற்கு மேலே அப்படி ஒரு முண்டு வேட்டியைச் சுற்றிக்கொண்டு முழித்துக்கொண்டு நின்றாள். முடிச்சுப் போடத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் என்னென்னவோ படித்த பிள்ளை! நான்தான் குனிந்து கட்டிவிட்டேன். வாடை மூக்கில் ஏறியது, அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் பின்னால் போய்விட்டேன்.

"நீ வரலையாம்மா?" என்றாள்.

"முட்டி வலிக்கு. நீ போயிட்டு வா."

முட்டி வலி பொய்யில்லை. ஆனால் இப்போது குடியிருக்கிற ஊரில் நெல்லையப்பர் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி வருகிற அதே முட்டிதான் இது. செருப்பு, பை, போன் எல்லாம் வைக்க இப்போது கவுண்டர் இருக்கிறது, டோக்கன் தருகிறார்கள். அங்கே பெரிய வரிசை. அவள் எல்லாவற்றையும் என் கையில் திணித்துவிட்டு, "அஞ்சு நிமிஷம்மா, வந்துருதேன்" என்று ஓடினாள். ஓடியவளைக் கூப்பிட்டு ஒரு வேலை சொல்லி அனுப்பினேன். என்ன வேலை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்குப் புரியாது.

இந்தக் கோயிலில் அஞ்சு நிமிஷம் என்றால் எவ்வளவு நேரம் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசி. தம்பானூரில் ஒரு லாட்ஜுக்குப் பக்கத்து மாடிப்படி ஏறினால் நாங்கள் வேலை பார்த்த டைப்பிங் ஆபீஸ். மனு, பயோடேட்டா, வளைகுடா நாட்டுக்குப் போகிறவர்களின் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என்று எதைக் கொண்டு வந்தாலும் அடித்துக் கொடுப்போம். பெண்கள் மூன்று பேர். நான் தென்காசிக்காரி. லதா கோயிலுக்குப் பக்கத்து ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துப் பெண், அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவள். மூன்றாவது மெர்சி. குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர், அப்பா மீன்பிடிக்கிறவர். தமிழும் மலையாளமும் கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பாள். அவள் அடிக்கிற வேகத்துக்கு மேஜை ஆடும். நான் ஒரு வரி அடித்து இரண்டு வரி அழிக்கிற ரகம்.

மெர்சியும் நானும் ஒரே ஹாஸ்டலில் ஒரே அறை. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் கருவாட்டுப் பொடி கொண்டு வருவாள். அந்த டப்பாவைத் திறந்தால் வராந்தா முழுக்க மணக்கும். வார்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கத்திவிட்டுப் போவார். வீட்டில் முட்டையைக்கூடத் தொடாத நான், வார்டன் தலை மறைந்ததும் முதல் ஆளாகத் தட்டோடு போய் உட்காருவேன். "ஏளா, வீட்டுல தெரிஞ்சா ஒன்னக் கொன்னு போடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி வைப்பாள். இப்போதும் கருவாடு வறுக்கிற வாசம் வந்தால் என் கால் தானாக நின்றுவிடுகிறது.

அவளுக்கு மஸ்கட்டில் ஒரு கிளினிக்கில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. அடுத்த வாரம் விமானம். நாங்கள் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அவள் சொன்னாள்: "மூணு வருசம் திருவனந்தரத்துல இருந்தியே, என்ன பாத்தன்னு அங்கன யாராவது கேட்டா என்ன சொல்லுவேன்? தம்பானூர் பஸ் ஸ்டாண்டப் பாத்தேன்னா?"

நியாயம்தானே. ஹாஸ்டல் விட்டால் ஆபீஸ், ஆபீஸ் விட்டால் ஹாஸ்டல் என்று கிடந்தோம். ஒரு டூர்க்காரர் மினி பஸ்ஸில் ஆட்களை ஏற்றி ஒரே நாளில் ஊரைச் சுற்றிக் காட்டுவார். மூன்று டிக்கெட் எடுத்தோம். லதாவுக்கு மட்டும் கூச்சம். "எங்காத்துல தெரிஞ்சா சிரிப்பா. பொறந்த ஊர்ல சிட்டி டூராம்! நான் கோயமுத்தூர்னு சொல்லிக்கறேன்" என்றாள்.

நோட்டீசில் முதல் இடம் கோயில். உள்ளே இந்துக்கள் மட்டும்தான் போகலாம் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. "அங்கன மட்டும் நான் பஸ்ஸில இருந்துக்கிடுதேன்" என்றாள் மெர்சி. யார் கேட்டார்கள் என்னை? நான்தான் எழுந்து நின்று சொன்னேன்: "நீ இல்லாம நாங்க மட்டும் என்னத்துக்குப் போகணும்? நான் பத்துத் தடவ பாத்த கோயில்தானே. லதாவுக்கு அது அடுத்த தெரு. மூணு பேரும் வெளியவே நிப்போம், டீ குடிப்போம்." என் தட்டில் கருவாட்டுப் பொடி அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாக விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்லவள் என்று பெயர் வாங்குவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்குக் குளத்தங்கரையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி என்று ஒரு பழைய கடிகாரம். அதன் மேலே ஒரு தாடிக்காரர் முகம். ஒவ்வொரு மணிக்கும் அவர் வாய் திறக்கும், இரண்டு பக்கமிருந்தும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் வந்து அவர் கன்னத்தில் முட்டும். மெர்சி அதைப் பார்த்ததில்லை. "ஒம்பது மணிக்கு முட்டும், பாத்துட்டு டீக்குப் போவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கைடு வந்தார். நல்ல மனிதர், வழுக்கை, கையில் குடை. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் முண்டு சுற்றிக்கொண்டு வரிசையில் நிற்க, நாங்கள் மூன்று பேர் மட்டும் தள்ளி நின்றோம். அவர் ஆளெண்ணிக்கொண்டே வந்து எங்களிடம், "நிங்ஙள் வருந்நில்லே? கிறிஸ்தியானிகளாணோ?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. எண்ணிக்கை சரிபார்க்கக் கேட்டார்.

வரிசை முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. அவ்வளவுதான், என் வாய் முந்திக்கொண்டது.

"நாங்க இல்ல சேட்டா. இவ மட்டும்தான்."

விரலால் வேறு காட்டினேன். அந்த விரலை இன்றைக்கும் வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

சொல்லிவிட்ட பிறகு வெளியே நிற்க முடியுமா? கைடு ஒரு முண்டை என் கையில் கொடுத்தார். லதா என் முழங்கையைப் பிடித்து, "வாடி, நேக்கு இங்க எல்லாம் அத்துப்படி. அஞ்சு நிமிஷத்துல தரிசனம் பண்ணிட்டு வந்துடலாம்" என்றாள். நான் மெர்சியைப் பார்க்காமல் முண்டைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சு நிமிஷத்துல வந்துருவோம்" என்றேன்.

அவள் என் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். "செருப்ப இங்கன போடு. பையப் பையப் போயிட்டு வாங்க" என்றாள். இரண்டடி போனதும் கூப்பிட்டாள். "ஏளா, எனக்க பேரையும் ஒருக்கச் சொல்லு, என்னா? சாமி எல்லாம் ஒண்ணுதான். பிளேன்ல போறேம்லா."

உள்ளே போனதும் லதாவின் கோயமுத்தூர் வேஷம் கலைந்தது. பூக்கட்டுகிற அம்மாள், "லதே, இன்னிக்கு ஆபீஸ் இல்லியா?" என்று உரக்கக் கேட்டார். கைடு திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். வெளியே ஒருத்தி நிற்கிறாள் என்பது அந்தச் சிரிப்பிலேயே பாதி மறந்துவிட்டது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பஸ் ஆட்கள் உள்ளே போனதும் நைவேத்தியத்துக்கு நடை அடைத்துவிட்டார்கள். லதாவின் அத்துப்படி அங்கே செல்லவில்லை. வரிசையில் நின்றோம், நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம்.

பள்ளிகொண்ட சாமியை மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க முடியும். முதல் வாசலில் முகம், நடுவில் நாபித் தாமரை, மூன்றாவதில் பாதம். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி முடிவுக்குக் காத்திருந்த நேரம் அது. முதல் வாசலில் பாஸாக வேண்டும் என்று கேட்டேன். இரண்டாவதில், சொந்த மாவட்டத்தில் போஸ்டிங் கிடைக்க வேண்டும் என்று கேட்டேன். மூன்றாவதில், இரண்டையும் மறந்துவிடாதே என்று சாமிக்கு ஞாபகப்படுத்தினேன். சந்தனம் வாங்கிக்கொண்டு பிரகாரத்துக்கு வந்த பிறகுதான் மெர்சியின் பெயர் ஞாபகம் வந்தது. திரும்பிப் போக வழியில்லை. கயிறு கட்டி ஒருவழியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தால் பஸ் இன்ஜின் ஓடுகிறது. எல்லாரும் ஏறியாகிவிட்டது. டிரைவர் ஹாரனை அமுக்குகிறார். பஸ்ஸுக்கு நேர் முன்னால், தோளில் மூன்று பையும் கையில் இரண்டு ஜோடிச் செருப்புமாக மெர்சி நிற்கிறாள். "அவரு வந்நிட்டு போயா மதி, சேட்டா! இல்லெங்கி என்னை இடிச்சிட்டு போ!" என்று, நாங்கள் வந்த பிறகு போனால் போதுமென்று டிரைவரிடம் மலையாளத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் செருப்புகளைத் தரையில் ஜோடியாகப் போட்டு, "ஓடி வா ஓடி வா" என்றாள். திட்டுவாள் என்று பயந்துகொண்டே வந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆடு ரெண்டு தடவ முட்டிச்சு மக்களே. ஒம்பதுக்கு ஒருக்க, பத்துக்கு ஒருக்க" என்றாள் சந்தோஷமாக. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "எனக்க பேரச் சொன்னியா?"

"சொன்னேன்."

"எங்க வச்சு?"

"மூணு வாசல்லயும்" என்றேன். பொய் என்று வந்துவிட்ட பிறகு ஒரு வாசல் என்ன, மூன்று வாசல் என்ன?

"அப்பம் சரி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் நெற்றியில் இருந்த சந்தனம் அரித்தது.

மியூசியம், மிருகக்காட்சி சாலை எல்லாம் போனோம். நீர்யானைத் தொட்டியின் நாற்றமும், அதற்கு முன்னால் நின்று ஒரு சேலத்துக்காரர் குடும்பத்தோடு பொட்டலம் பிரித்துப் புளியோதரை சாப்பிட்டதும் ஞாபகம் இருக்கிறது. கைடு லதாவைக் கண்ட இடமெல்லாம் "கோயம்புத்தூர், இவிடெ வரூ" என்று கூப்பிட்டு மானத்தை வாங்கினார்.

சாயங்காலம் சங்குமுகம் கடற்கரை. அங்கே சிமெண்டில் செய்த பிரம்மாண்டமான ஜலகன்னிகை ஒருக்களித்துப் படுத்திருப்பாள், உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. நாங்கள் தரையைப் பார்த்தோம். மெர்சி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இம்புட்டு சிமெண்டு வாங்கினவனுக்கு ஒரு சாரி வாங்க முடியல்லியா?" என்றாள். கைடுகூடச் சிரித்துவிட்டார்.

லதாவும் அவளும் அலைக்கு இறங்கினார்கள். "நீங்க போங்க, பையெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அதையாவது செய்யலாம் என்றுதான். மெர்சி திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள். "சவத்தத் தள்ளு! பையி எங்க போவும்? வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். பை எங்கேயும் போகவில்லை. என் செருப்பில் ஒன்றைக் கடல் கொண்டு போயிற்று. ஒற்றைச் செருப்போடு நான் நொண்டியதைப் பார்த்து அவள் மணலில் உட்கார்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க என்ன வேண்டுமானாலும் தருவேன் இப்போது.

பக்கத்திலேயே விமான நிலையம். தலைக்கு மேலே ஒரு விமானம் ஏறிக் கடலுக்கு மேலே போயிற்று. அவள் சிரிப்பு நின்றது. கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடலக் கண்டு எனக்குப் பயம் கெடையாது. எங்க அப்பா எந்நேரமும் அதுலதான் கெடக்காரு. இதுல ஏறதுக்குத்தான் பயமாட்டு இருக்கு. போற எடத்துல யாரையும் தெரியாது பாத்தியா" என்றாள். பிறகு என் தோளைத் தட்டினாள். "ஆனாலும் நீ எனக்க பேரச் சொல்லிட்டல்லா. அது மதி."

அங்கே சொல்லியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அவள் தைரியம் போய்விடுமே என்றுதான் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் சும்மா. வெட்கம், வேறொன்றுமில்லை.

அடுத்த வாரம் மெர்சி போனாள். நாலைந்து கடிதம் வந்தது. "இங்கயும் கடல் உண்டு, மணம் வேற" என்று ஒன்றில் எழுதியிருந்தாள். அதற்குள் நான் பரீட்சையில் பாஸ், சொந்த மாவட்டத்திலேயே போஸ்டிங். கேட்டது அத்தனையும் கொடுத்துவிட்டார் சாமி. அதுதான் என்னை அறுக்கிறது. வேலையில் சேருகிற அவசரத்தில் ஹாஸ்டலைக் காலி செய்தேன், புது விலாசம் எழுதிப் போட்டேன், பதில் வரவில்லை. அது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா, அவள் எழுதியது பழைய ஹாஸ்டல் கதவிடுக்கில் கிடந்து மக்கியதா, யாருக்குத் தெரியும்? போனில் மெர்சி என்று தேடினால் குமரி மாவட்டத்தில் பாதிப் பேர் வருகிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்ப்பேன். லதா அமெரிக்காவில் மகனோடு இருக்கிறாள், அவளுக்கும் தெரியவில்லை.

ஹாஸ்டல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. டைப்பிங் ஆபீஸ் மாடிப்படியே இல்லை. யாரும் மனுவை எடுத்துக்கொண்டு படியேறுவதில்லை, மினி பஸ்ஸில் ஏறி அந்நிய முகங்களோடு ஊர் பார்ப்பதும் இல்லை. குளம் இருக்கிறது. மணியும் இருக்கிறது, ஆனால் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று கண்ணாடியில்லாமல் எனக்குத் தெரியவில்லை. மகளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் கடுத்தது. உட்கார ஒரு இடம் இல்லை. அன்றைக்கும் இருந்திருக்காது, நான்தான் கேட்கவே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து, சந்தனமும் வியர்வையுமாக மகள் வந்தாள்.

"சாரிம்மா, நட அடச்சிட்டாங்க. நீ சொன்ன மாதிரி மூணு வாசல்லயும் அந்தப் பேரச் சொன்னேன். எனக்குன்னு ஒண்ணும் கேக்கல. மெர்சி, மெர்சி, மெர்சி. பக்கத்துல ஒரு மாமி ஒரு மாதிரியாப் பாத்தாங்க." செருப்பை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். "யாரும்மா மெர்சி?"

பையைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.

"இங்க நின்னவ" என்றேன்.