விஷ்ணுவின் தோற்றம்

கொடைக்கானல் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், குளிர் தாங்காத முழங்கால்களுக்காக மலையடிவாரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். கீழே ஓணான்கூட நிழல் தேடும் வெயில். வீட்டுப் பக்கவாட்டில் செம்மண்ணும் சரளையுமாக ஒரு துண்டு நிலம். ரோஜா வைத்தால் கருகிவிடும். அந்த மண்ணில் தானாக வளர்பவற்றையே வளர்ப்பது என்று முடிவு செய்தேன்: ஆவாரை, தும்பை, காந்தள், தரையோடு படரும் விஷ்ணுகிரந்தி.

தேதி போடாமல் எனக்கு எதையும் செய்ய வராது. ஊறுகாய் பாட்டிலிலும் போட்ட தேதி இருக்கும். புரட்டாசியில் வரிசையாகச் சிறு மேடுகள் கட்டி, விதை போட்டு, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் வெள்ளையடித்த பலகை நட்டேன். மேலே பெயர். அடுத்து விதைத்த தேதி. அதன் கீழே 'தோற்றம்' என்று எழுதி, முளை தோன்றும் நாளுக்காக இடம் விட்டேன். அகராதிப்படி தவறே இல்லாத சொல். விஷ்ணுகிரந்திக்குப் பலகை போதவில்லை, 'விஷ்ணு'வோடு நிறுத்திக்கொண்டேன்.

மழை வரவில்லை. எதுவும் முளைக்கவில்லை. பால்காரர் மட்டும் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டு, பாலை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார்.

ஒருநாள் வெள்ளனே வீட்டுக்கார அம்மா வந்தார்.

"டீச்சர், ஒளிக்காமச் சொல்லுங்க. காந்தள் யாரு, ஒங்க அக்காவா?"

"பூங்க அது."

"பூ மாதிரிதான் இருந்திருப்பாங்க, பாவம். அந்த விஷ்ணு? மேடு சின்னதாக் கெடக்கே, பச்சப் புள்ளையா?"

அப்போதுதான் உறைத்தது. 'தோற்றம்', 'மறைவு' என்று சுவரில் ஒட்டும் அஞ்சலி போஸ்டரில் தவிர அந்தச் சொல்லைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

"உள்ளே விதைதாங்க இருக்கு. விதைச்சிருக்கேன்."

"தலைவரு செத்தாலும் மேடையில அப்படித்தான் சொல்றாங்க, விதைச்சிட்டோம்னு. பால்காரரு ஊரு பூராச் சொல்லிட்டாரு. தீபாவளிக்குள்ள எல்லாத்தையும் நிரவிருங்க. இல்லன்னா வீட்டக் காலி பண்ணுங்க."

நிரவினால் விதைகள் போச்சு. நிரவாவிட்டால் வீடு போச்சு. ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்தது. தினமும் குனிந்து பார்த்தேன். வெறும் மண்.

தீபாவளிக்கு முந்திய காலை அந்த அம்மா மண்வெட்டியோடு வந்துவிட்டார். சாட்சிக்குப் பால்காரர், கேட்டுக்கு வெளியே.

"ஒண்ணத் தோண்டிக் காட்டுங்க. அந்தச் சின்னப் புள்ளைய."

மண்வெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தேக்கரண்டியால் விஷ்ணுவின் மேட்டைச் சுரண்டினேன். பால்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மரியாதையாக இடுப்பில் கட்டிக்கொண்டார். கடுகு போல ஒரு விதை வந்தது. தோல் வெடித்து, நூலின் நுனியளவுக்கு ஒரு வெள்ளை வேர். உள்ளங்கையில் வைத்துப் பூதக்கண்ணாடியை நீட்டினேன்.

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். முகம் இளகிவிட்டது.

"அடியாத்தீ, உசுரு இருக்கு டீச்சர்! வெரசா மூடுங்க, வெயிலு படுது!"

"உசுரு இருக்கா!" என்று கேட்டுக்கு வெளியே ஓர் அலறல். பால்கேன் உருண்டது. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

விதையின்மேல் மண்ணைத் தள்ளி, விரலால் தட்டிக் கொடுத்துவிட்டு அந்த அம்மா எழுந்தார்.

"பலகைய மட்டும் பிடுங்கிருங்க. நீங்க இருங்க. இது என்ன கலருல பூக்கும்?"

"நீலம்."

"அப்பப் பேரு சரிதான்" என்றார்.