அத்தை நிலத்தில் எங்கள் மாடுகள்

பிள்ளைப்பாக்கத்தில் இன்று கார் உதிரிபாக லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடம் ஒருகாலத்தில் என் அத்தையின் பாகம். கணவரை இழந்து, ஒரு கறவைப் பசுவோடு பிறந்த வீடு திரும்பியவருக்குப் பெரியவர்கள் கூடிப் பேசி, மிக நியாயமாக, எதுவும் விளையாத களர் நிலத்தை ஒதுக்கினார்கள். உப்புப் பூத்து வெளுத்த அந்த மண்ணில் தீவனச் சோளம் வந்தால் பசு தங்கும். வராவிட்டால் சந்தைக்குப் போகும். மண் தேற எரு வேண்டும். அப்பா ஒரு வண்டி எரு அனுப்பினார். தானம் வேண்டாமென்று அத்தை வண்டியைத் திருப்பிவிட்டார். அதோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது.

பள்ளி விட்டு வந்ததும் எங்கள் மாடுகளைக் கட்டுவது என் வேலை. சற்று நேரத்தில் அவை ஒரு புல்லும் இல்லாத அத்தை நிலத்தில் போய் நிற்கும். கயிறு அறுந்திருக்காது, முடிச்சு மட்டும் மனிதக் கை பட்டதுபோல் நேர்த்தியாகப் பிரிந்திருக்கும்.

"ஒரு முடிச்சு போடத் தெரில, நீ படிச்சு இன்னா கிழிக்கப் போற?" என்பார் அப்பா. விதவிதமாக முடிந்து பார்த்தேன். பிற்காலத்தில் வருவாய்த்துறைக் கோப்புகளில் நான் போட்ட முடிச்சுகள் எதுவும் அவ்வளவு எளிதில் அவிழ்ந்ததில்லை.

"இன்னாடி, உங்கப்பனுக்கு மாட்டக் கட்டத் துப்பில்லியா?" என்று அத்தை சத்தம் போடுவார்.

"நான்தான் கட்னேன் அத்தை."

"அதான பாத்தேன். அவுரு கட்டியிருந்தா இன்னும் சீக்கிரமா வந்திருக்கும்."

திட்டிக்கொண்டே தவிட்டுத் தண்ணீர் வைப்பார். "வந்துட்ச்சிங்க, சும்மா தொரத்த முடியுமா?" நேற்று வைத்த இடத்தில் வாளி இருக்காது, வெளுத்த வேறொரு மூலையாகப் பார்த்து வைப்பார். சாணி விழுந்த நிலத்துக்கே சொந்தம் என்பது ஊர் வழக்கம். அதற்கு யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை.

அடுத்த மழைக்குச் சோளம் திட்டுத் திட்டாகப் பச்சை பிடித்தது. பசு சந்தைக்குப் போகவில்லை.

அந்த நாட்களில் ஒரு மாலை அப்பாவும் வரப்புவரை வந்தார். பயிரில்லாத ஓரத்தில் நின்ற மாடுகளை ஓட்ட நான் ஓடினேன்.

"இரு, இன்னா அவசரம்? மூத்திரம் பேஞ்சிட்டு வரட்டும்."

அந்தப் பக்கம் அத்தை வாளியோடு நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மாடு மூத்திரம் பெய்வதில் பெரியவர்கள் இப்படி நின்று பார்க்க என்ன இருக்கிறது என்று, வீட்டுப்பாடம் எழுதாத கவலையில் எனக்கு எரிச்சலாக வந்தது.