தொங்கிய பூவுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

“உனக்கு வேற வேலையே இல்லையாடி? பூ வளக்கணும்னா போய் மண்ணக் கிளறு. என்னை எதுக்குக் கிளறுற?” என்று பேத்தியை விரட்டிப் பார்த்தேன். நகரவில்லை. தொட்டியில் கூம்புப் பூ வளர்க்கப் போகிறாளாம். விதைப் பொட்டலத்துப் படத்தைக் காட்டி, இதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டதுதான் அவள் செய்த தப்பு. பார்த்திருக்கிறேன். அதை இத்தனை வருஷம் வெளியில் விடாமல் வைத்திருந்ததுதான் என் சாமர்த்தியம்.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால், கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் எனக்கு வேலை. மரப் பட்டையை வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவளை அங்கே ஏன் போட்டார்கள் என்றால், எனக்குக் கடைத்தெரு மலாய் வரும். துரையின் சம்சாரம், வெள்ளைக்காரத் துரைசாணிக்குத் தமிழ் வராது, அரைகுறை மலாய்தான். இரண்டு அரைகுறையும் நன்றாக ஒத்துப்போனது. கூட ஒரு தண்ணிக்காரர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஆற்றிலிருந்து வாளி வாளியாகத் தூக்கி வருவார். அவருக்குத் தமிழை விட்டால் வேறு பாஷை கிடையாது.

துரைசாணிக்கு அவர் அம்மா வீட்டுத் தோட்டத்திலிருந்து கப்பலில் விதை வந்தது. ஈர மணலில் அதைப் பிசறி, தகர டப்பாவில் அடைத்து, ஐஸ் பெட்டிக்குள் வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒன்றரை மாதம் வைத்தார். குளிர் பட்டால்தான் அந்த விதை விழிக்குமாம். “துரைசாணி விதைக்கு சளி புடிக்க வைக்கிறாங்க” என்று கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

முளைத்தது ஒன்பது. அழுகியது போக நின்றது மூன்று. மேடு கட்டி, ஆற்று மணலும் பொடிக்கல்லும் கலந்து, மத்தியான மழைக்கு அத்தாப்பு ஓலைத் தட்டி மறைத்து வளர்த்தோம். முதல் வருஷம் வெறும் சொரசொரப்பு இலைதான். பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். கை வைக்காதே, வேர் இருந்தால் வருஷா வருஷம் வரும் என்றார் துரைசாணி.

மறு வருஷம் மொட்டு விட்டது. ரப்பர் விலையும் அப்போதுதான் விழுந்தது. ஆள் குறைக்கிறார்கள், பெயர் எழுதி இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு. பூந்தோட்டத்துக்கு இரண்டு ஆள் எதற்கு என்று கணக்கெழுதுகிற கிராணி கேட்டது என் காதிலும் விழுந்தது. எனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். ஊருக்குப் போனால் ஒதுங்க ஒரு கூரை கிடையாது.

அந்த நேரம் பார்த்துத் துரைசாணி ஒரு வாரம் சிங்கப்பூர் போனார். போகும்போது விரலைக் காட்டி, “ஆயர் சிக்கிட்” என்றார். தண்ணீர் கொஞ்சம்தான்.

மறுநாள் முதல் பூ விரிந்தது. நடுவில் ரம்புத்தான் பழத்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி செம்மஞ்சள் முள். சுற்றிலும் கத்தரிப்பூ நிறத்தில் இதழ். மூன்றாம் நாள் இதழெல்லாம் கீழே தொங்கிவிட்டது. அந்தப் பூவின் வாகே அப்படித்தான். பேத்தி காட்டிய படத்திலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு யார் சொன்னார்கள்? பூ வாடினால் என் பேரைத்தான் எழுதுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

காலையில் இரண்டு வாளி ஊற்றினேன், சாயந்திரம் இரண்டு. மீன் கழுவிய தண்ணீரும் ஊற்றினேன். பிறகு சரம் கட்டுகிற வாழை நாரை நனைத்து, தொங்கிய இதழையெல்லாம் தூக்கி, முள்ளோடு சேர்த்துக் கட்டினேன். பூவுக்குக் கொண்டை போட்டவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

தண்ணிக்காரர் பார்த்துவிட்டு, “வேணாம் தங்கச்சி. கொஞ்சமாத்தானே ஊத்தச் சொன்னாங்கன்னு நீதானே சொன்ன?” என்றார்.

“நீங்க தண்ணி தூக்குற வேலையப் பாருங்கண்ணே. குடிக்கிறது செடி, உங்களுக்கு என்னா வலிக்குது?” என்றேன்.

துரைசாணி திரும்பி வந்த அன்று மூன்று செடியும் அடியில் கறுத்திருந்தன. அவர் தொட்டதும் ஒன்று கையோடு வந்தது, கொண்டையோடு. குனிந்து மேட்டு மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு இவ்வளவு தண்ணீர் யார் ஊற்றியது என்று கேட்டார். நான் தண்ணிக்காரரைப் பார்த்தேன். துரைசாணியும் அவரைப் பார்த்தார். என்ன சொல்கிறார், கேள் என்றார் என்னிடம்.

நான் கேட்டேன். “நான் ஊத்தலம்மா. வேணாம்னுதான் தங்கச்சிகிட்ட சொன்னேன்” என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

அதை நான் மலாயில் திருப்பிச் சொன்னேன். தெரியாமல் ஊற்றிவிட்டாராம், மன்னிக்கச் சொல்கிறார் என்று.

துரைசாணி திட்டவில்லை. அவரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். “என்னா சொன்னாங்க தங்கச்சி?” என்று அவர் கேட்டார். “ஒண்ணும் இல்லண்ணே. நம்பிட்டாங்க” என்றேன். அவர் முகம் தெளிந்தது. அந்த முகத்தைத்தான் என்னால் இன்றைக்கும் மனசிலிருந்து தள்ள முடியவில்லை. நிம்மதியாக வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார்.

அடுத்த மாதம் பெயர் வந்தது. அவரும் அவர் சம்சாரமும் லாரி ஏறினார்கள். அந்த அக்கா என் வயிற்றைத் தொட்டு, “நல்லபடியா பெத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தேன். அழுதேனா, நடித்தேனா என்று கேட்காதே. இரண்டும் இருந்தது.

அன்று சாயந்திரம் குழாயடியில் லயத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை நல்ல மனுஷனை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டார்கள். வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னேன்: “வயசாயிடுச்சுல்ல, சொன்னா காதுல ஏறல. வாளி வாளியா ஊத்திட்டாரு. அன்னிக்கே அனுப்பியிருப்பாங்க, நாந்தான் துரைசாணிகிட்ட அவருக்காக மன்னிப்புக் கேட்டேன்.”