திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்தவர்கள்

என் அக்கா பொய் சொல்கிறாள். அதையும் அச்சில் சொல்லப்போகிறாள். ஆவடியில் நாங்கள் சின்ன வயதில் போன சர்ச்சின் ஆண்டுவிழா மலருக்கு, இறந்துபோன எங்கள் அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதில் ஒரு வரி: ‘வாழ்நாளில் ஒரு சினிமாகூடப் பார்க்காதவர்.’ அதைப் பழைய குவார்ட்டர்ஸ்காரர்களின் வாட்ஸப் குழுவிலும் போட்டாள். ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். நான் போடவில்லை.

அப்பா சினிமா பார்த்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். சிரிக்கவும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதைத்தான் இந்த வரி இல்லையென்று ஆக்குகிறது.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். சினிமா பாவம் என்ற கட்சி. ரேடியோவில் செய்தி முடிந்து பாட்டுக்கான வயலின் கிளம்பினாலே அவர் கை குமிழுக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் பக்கத்து வீட்டு டேப்ரெக்கார்டரிலிருந்து சுவர் வழியாக வந்தவை. வரிகள் வராது, தபேலா மட்டும் வரும். இன்றும் பல பாட்டை எனக்குத் தாளமாகத்தான் தெரியும். இப்போதைய பாட்டுகளைச் சுவர் வழியாகக் கேட்டால் அடுத்த வீட்டில் யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி இருக்கிறது. படங்களும் அப்படித்தான். கதாநாயகன் காரிலிருந்து இறங்கி வாசல் வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

நாங்கள் குடியிருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் கிளப் மைதானத்தில் சனிக்கிழமை சாயங்காலம் படம் போடுவார்கள். இரண்டு கம்பம், நடுவில் வெள்ளைத் துணி. முன்பக்கம் எல்லாரும் பாய் விரித்து உட்காருவார்கள். துணிக்குப் பின்பக்கமும் படம் தெரியும், ஆனால் இடம் வலமாகத் தெரியும். அங்கே உட்காருகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் சர்ச்சுக்காரர்கள். முன்னால் உட்கார்ந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். பின்னால் ஒரு சட்டம் இருந்தது. யாரும் யாரையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், மறுநாள் காலை வெள்ளை வேட்டியில் நின்று வேதம் வாசிப்பார். நாமும் தலைகுனிந்து கேட்போம். அந்தச் சட்டத்தை ஒருவரும் மீறியதில்லை.

ஒரு சனிக்கிழமை அப்பா என்னையும் அக்காவையும் அங்கே கூட்டிப் போனார். ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது. பெயர்கள் கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஓடின, படிக்க முடியவில்லை. கதாநாயகன் எல்லாரையும் இடது கையால் அடித்தான். அப்பா என் காதருகே குனிந்து, “ஏலே, அங்க பாரு. எல்லாவளும் சேலைய மாத்தில்லா கெட்டியிருக்காளுவ” என்றார். மாராப்பு எல்லாருக்கும் வலது தோளில் கிடந்தது. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் தலையில் போட்டிருந்த துண்டு வழுக்கித் தோளில் விழுந்தது. அதை எடுத்து மறுபடி தலையில் போட மறந்துவிட்டார்.

அக்காவின் வரியைப் படித்த அன்றே அந்தப் படத்தைத் தேடினேன். சென்னீர்குப்பத்தில் என் வீட்டில் உட்கார்ந்து போனில் தேடினால் யூட்யூபில் கிடைத்தது. கதாநாயகன் இடது கையால் அடித்தான். மாராப்பு வலது தோளில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பக்கமாகப் பார்த்தால் அது வலது கையாக இருக்கவேண்டுமே என்று அப்போது தோன்றவில்லை. உடனே குழுவில் அக்காவின் வரிக்குக் கீழே, படத்தின் பெயரோடு எழுதினேன்: ‘ஹீரோ இடது கைக்காரன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.’

பழைய கூட்டாளி ஒருவன், இப்போது கரையான்சாவடியில் கடை வைத்திருப்பவன், குரல் பதிவு அனுப்பினான். “மாமே, அந்தாளு ரைட் ஹேண்டுதான்யா. நீ இன்னா ஸ்கிரீனுக்குப் பின்னால குந்திகினு பாத்தியா?”

குழு முழுக்கச் சிரிப்புப் பொம்மை. சர்ச் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை.

என் மகள் போனை வாங்கிப் பார்த்தாள். “அப்பா, இது திருப்பிப் போட்ட வீடியோ. காப்பிரைட்ல மாட்டாம இருக்க இப்படிப் பண்ணுவாங்க” என்றாள். சரியான பிரதியைத் தேடி எடுத்துக் காட்டினாள். அதில் அவன் வலது கையால் அடித்தான். சேலையும் சரியாக இருந்தது. எனக்கு அது வேறு ஏதோ படம் போல இருந்தது.

பிறகு அக்கா அம்பத்தூரிலிருந்து போன் செய்தாள். குழுவில் பேசவில்லை, தனியாக.

“டேய், அந்த யூட்யூப்ல பார்த்ததை அப்பா தலையில கட்டாத. நாம பக்கத்து வீட்டு ஆன்ட்டியோட முன்னாடி உக்காந்து திருட்டுத்தனமாப் பார்த்தோம். அப்பா ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தாரு.”

“அப்ப என் வகிடு?”

“என்ன வகிடு?”

“அந்த ஹீரோ மாதிரியே வேணும்னு அழுதேன். மறுநாள் நீதானே எனக்கு வலது பக்கம் வகிடு எடுத்துச் சீவிவிட்டே? முன்னாடி உக்காந்து பார்த்திருந்தா இடது பக்கம்தானே எடுத்திருக்கணும்?”

அக்கா பேச்சை மாற்றினாள்: “மலர் வர்ற நேரத்துல பெரியவங்க பேரை ஏன்டா இழுக்கறே? போனை வை.”

இதற்கு என்ன அர்த்தம்? இல்லை என்கிறாளா, ஆமாம் ஆனால் சொல்லாதே என்கிறாளா? இன்னும் அந்தப் பழைய சட்டத்தைத்தான் காப்பாற்றுகிறாளா? என் தலை சுற்றுகிறது. ஏனென்றால் ஆன்ட்டியோடு முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் மடியிலிருந்து வேர்க்கடலை எடுத்துத் தின்றேன். அது வேறு படமா, அதே படமா, தெரியவில்லை. அந்த வீடியோவை ஒரே நாளில் பலமுறை ஓட்டிவிட்டேன். இப்போது இடது கை எது மைதானத்தில் பார்த்தது, எது போனில் பார்த்தது என்று பிரிக்க முடியவில்லை. சேலையைப் பற்றி அப்பா சொன்னது மட்டும் எந்த வீடியோவிலும் இல்லை. அதை நானே உண்டாக்கினேன் என்றால், திருநெல்வேலிப் பேச்சு எனக்கு எங்கிருந்து வந்தது? நான் வீட்டுக்கு வெளியே ஆவடிப் பேச்சு பேசி வளர்ந்தவன். ஆனால் வீட்டில் அப்பா அப்படித்தானே பேசுவார். அதுவும் சாட்சி ஆகவில்லை.

அப்பா பாவம் செய்தார் என்று நிரூபிப்பது என் வேலை இல்லை. அவர் சிரித்தார். அதைப் பார்த்தது உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி இல்லையென்று அச்சடித்துவிட்டால் நான் மட்டும் என்ன செய்வது?

அக்கா, எனக்குப் போன் செய்யாதே. செய்தாலும் எடுக்கமாட்டேன். மலர் அச்சுக்குப் போகுமுன் அந்தக் குழுவிலேயே, எல்லாரும் பார்க்க, பதில் போடு. அன்று அப்பா நமக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாரா இல்லையா? துண்டு விழுந்ததா இல்லையா? பின்பக்கம் உட்கார்ந்த மற்ற வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். சொல்லு.