பெட்டிக்குள் வந்த தெர்மாகோல்

புதிதாக வாங்கிய நாற்பத்து மூன்று அங்குல டிவியின் பெட்டியைப் பிரித்தபோது அம்மாவும் நானும் மாட்ட வந்த மெக்கானிக்கும் இருந்தோம். அப்பா இல்லை, டீக்கடைக்குப் போயிருந்தார். மீன்பிடித் தடைக்காலம், அவர் வேலைபார்க்கும் விசைப்படகு கரையில் நின்றது.

தெர்மாகோல் கிறீச்சிட்டு வெளியே வந்ததும் எனக்குப் பல் கூசியது. நான் நான்காம் வகுப்பு படித்தபோது, இதேபோல் ஒரு தடைக்காலத்தில், டிவி கடைகளில் கழித்த தெர்மாகோலைச் சாக்கில் வைத்துத் தைத்து அப்பா தெப்பம் கட்டினார். அதில் உட்கார்ந்து வலை போடப் போனவரை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. அம்மாவும் நானும் வெயிலில் கரையில் நின்றோம். வெள்ளைத் துணுக்குகள் மட்டும் ஒதுங்கின. அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் ஒரு வள்ளத்துக்காரர் அப்பாவை ஏற்றி வந்தார். மறுநாள் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மிச்சம் சாக்கு கெடக்கா?"

"பெட்டியப் பத்திரமா வைங்கக்கா. டிவி சரியில்லன்னா இதெல்லாம் இருந்தாத்தான் திருப்பி எடுப்பாவ," என்றார் மெக்கானிக்.

"திருப்பவே வேண்டாம். ஏலே, உங்கப்பா வாரதுக்குள்ள இதக் கொண்டுபோ. கண்ணுல பட்டுச்சுன்னா நாளைக்கே கடல்ல கெடப்பாரு."

தெருமுனையில் அப்பாவின் இருமல் கேட்டது. பின்வாசல் வழியாக ஓடி ஆட்டோ பிடித்தேன். டிவி பதினாலாயிரம். தெர்மாகோலை ஊருக்கு வெளியே குப்பைக்கிடங்கில் சேர்க்க இருநூறு.