அழகரத்தினத்தாரின் நாலு வால்வுகள்

அழகரத்தினம் பற்றரியை நக்கினது உண்மைதான். அதை இங்கே யாரும் மறைக்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு, மனுசனுக்கு மண்டை பிசகிவிட்டது என்று மாடிப்படியில் நின்று கதைக்கிறார்களே, அதுதான் பிழை. இளநீர் விற்கிறவன் காயைத் தட்டிப் பார்க்கிறான். அவனை யாரும் பைத்தியம் என்பதில்லை. ஒன்பது வோல்ட் சதுரப் பற்றரியின் இரண்டு முனையையும் நாக்கு நுனியில் வைத்தால் சுர்ரென்று ஒரு புளிப்பு ஏறும். அந்தப் புளிப்பை வைத்து அவர் அளவு சொல்வார். "எட்டு." அடுத்தது. "ஏழேகால்." அடுத்தது. "இது செத்துப் போச்சு, தங்கச்சி. குப்பையில போடுங்கோ." நம்பாமல் மேல்வீட்டு றொபேட் ஒருநாள் மீற்றர் கொண்டுவந்து அளந்தான். நாக்குக்கும் மீற்றருக்கும் கால் வோல்ட் வித்தியாசம். "மீற்றருக்குப் பற்றரி மாத்தவேணும்," என்றார் அழகரத்தினம். மாற்றிப் பார்த்தார்கள். வித்தியாசம் போய்விட்டது.

டெனிஷ்காரர் நாட்டில், ஓகூஸ் நகரத்தின் ஓரத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். அதில் நடுமாடியில் இராசலட்சுமி வீடு. அவளுடைய வீட்டுச் சின்ன அறையில் அவர் குடியிருந்தார். கல்லடிக்காரர், வயது ஐம்பத்திரண்டு. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களோடு தந்தி அடிக்கும் அறையில் இருபத்திரண்டு வருசம் வேலை செய்தவர். காலையில் டெனிஷ் வகுப்பு. ஒரே வகுப்பில் இரண்டு தரம் இருந்தும் அந்தப் பாஷை அவருக்கு ஒட்டவில்லை. மனைவி தேவமலர் இன்னும் கல்லடியில். அவளைக் கூப்பிடுவதற்கு எழுதிக் கொடுத்த காகிதம் பத்து மாதமாகப் பொலிசின் வெளிநாட்டவர் பிரிவில் கிடந்தது. அவர்கள் ஓம் என்றால் அவள் வருவாள், இல்லையென்றால் இல்லை. ஆகவே பொலிசோடு ஒரு சின்னச் சிராய்ப்பும் கூடாது என்பது கட்டடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

இப்போது அந்தப் பெட்டி. முந்தின ஐப்பசியில் ஒரு பண்ணைக்காரருக்கு அலுமாரி தூக்கப் போன இடத்தில், கோழிக்கூட்டுக்குள் கண்டார். நாற்பது வருசத்துக்கு முன்னம் ஜெர்மன்காரர் இந்த நாட்டை விட்டுப் போனபோது விட்டுவிட்டுப் போன பட்டாள றேடியோ. சிப்பாய் முதுகில் கட்டிச் சுமக்கிற மாதிரிச் செய்தது. அரை மூட்டை அரிசிக் கனம். அதற்குமேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழி எழும்பும்வரை பார்த்திருந்து, தூக்கின கூலிக்குப் பதிலாகப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். பல் துலக்கும் பிரசால் இரண்டு மாதம் துப்புரவாக்கினார். எச்சம் போனபின் தகட்டில் சின்னதாக அந்தப் பட்டாளத்தின் பறவை முத்திரை தெரிந்தது.

அந்தப் பறவை கீழ்வீட்டு டெனிஷ் கிழவருக்கும் தெரிந்தது. அதுவரை "குட் மோர்ன்" சொன்ன மனுசன் அன்றோடு கதவைச் சாத்திக்கொண்டார். ஏனென்று அழகரத்தினம் கேட்க, ஜெர்மன் பட்டாளம் இங்கே ஐந்து வருசம் இருந்த கதையை றொபேட் சொன்னான். கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்ரர் எடுத்துப் பறவைமேல் ஒட்டினார். "சுரண்டி விடுங்கோவன், அண்ணை," என்றாள் இராசலட்சுமி. "சுரண்டினால் தகடு மெலியும், தங்கச்சி," என்றார்.

அவர் வேலை செய்கிற விதம் அப்படித்தான். உள்ளே இருந்த கண்டென்சர்கள் எல்லாம் உளுத்துப்போனவை. வேறொருவர் என்றால் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதைப் பற்றவைப்பார். இவர் ஒவ்வொன்றையும் இராசலட்சுமியின் தாச்சியில் வைத்துச் சூடாக்கி, தார் உருகினதும் பழைய குடலை இழுத்து எடுத்துவிட்டு, அதே தகரக் கூட்டுக்குள் புதிதை வைத்து மெழுகுதிரியால் வாயை மூடினார். வெளியே பார்த்தால் நாற்பது வருசப் பழசு. ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், தோசையில் தார் மணத்தது. அவளுடைய புருசன் தம்பிமுத்து தோசையை விட்டுவிட்டுக் கடைப் பாண் சாப்பிட்டார்.

அந்த றேடியோவில் நாலு வால்வு, குமிழ் மாதிரிக் கண்ணாடிக் குழாய்கள்; நாலும் ஒரே சாதி. அதைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் அவருடைய முகம் கொஞ்சம் இளகும். "ஒண்டு போனால் எதையும் எதிலயும் போடலாம். இருட்டுக்குள்ள, குண்டு விழேக்குள்ள, மாத்திறவனை நினைச்சுச் செய்திருக்கிறான்." செய்தவர்கள் ஆர் தெரியுமோ என்று றொபேட்டின் பெண்சாதி கிறேஸ் கேட்டாள். "தெரியும், தங்கச்சி. ரெண்டு வால்வு உடைஞ்சு கிடக்கு," என்றார்.

உடைந்த இரண்டுக்கும் பதில் கிடைக்கும்வரை காத்திருந்திருக்கலாம். அங்கேதான் பிழை விட்டார். நல்லதாக இருந்த இரண்டை மட்டும் போட்டு, உள்சத்தம் வெளியே போகாமல் மறிக்க முன்னுக்கு நிற்கவேண்டிய இரண்டையும் தாண்டி ஏரியல் கம்பியை நேரே உள்ளே கொடுத்துவிட்டார். பத்துப் பற்றரியைத் தலையும் வாலுமாகக் கோத்தால் தொண்ணூறு வோல்ட்; மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஒரு அறையிலிருந்து இரண்டு வோல்ட். ஏரியல், இராசலட்சுமி உடுப்புக் காயப்போடுகிற கம்பி. ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டார். கடலில் போகிற கப்பல்கள் கட்டுக் கடகட என்று பேசின. டெனிஷ்காரர் வாய் திறந்தால் ஒன்றும் விளங்காத மனுசன், அவர்களுடைய கப்பல் அடிக்கிற தந்தியை ஒரு எழுத்து விடாமல் கொப்பியில் எழுதினார்.

அன்றைக்குத் தொடங்கி மேல்வீட்டில் கிறேஸ் பின்னேரம் ஏழு மணிக்கு றேடியோவில் வைக்கிற ஜெப நிகழ்ச்சிக்குள் ஒரு ஊளை கேட்டது. முதலில் அவள் அதைச் சாத்தான் என்றாள். பிறகு அழகரத்தினத்தின் அறையில் கொப்பியைக் கண்டாள். பக்கம் பக்கமாகக் கப்பல் பேர், நேரம், போகிற துறைமுகம். சாத்தானை விட்டுவிட்டாள். மூன்றாம் கிழமைக்குள் அவர் இயக்கத்துக்குக் கதைக்கிறார், ரஷ்யாவுக்குக் கதைக்கிறார், ஆருக்கோ கதைக்கிறார் என்று கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. பண்ணைக்காரரின் ஆணிப் பெட்டிக்குள் வேறு இரண்டு வால்வு அகப்பட்டு, அதைப் போட்டதும் ஊளை நின்றது. கதை நிற்கவில்லை. மாசி முடிகிற நேரம் பொலிஸ் வந்தது. அறிவித்தது கீழ்வீட்டுக் கிழவர்.

வந்தவர் ஒரே ஒருத்தர், நல்ல மனுசன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மொழிபெயர்க்க றொபேட்.

"இந்தப் பெட்டி செய்தி அனுப்புமோ எண்டு கேக்கிறார்," என்றான்.

இராசலட்சுமி முந்திக்கொண்டாள். "இதுக்குக் காது மட்டும்தான் இருக்கு, வாய் இல்லையெண்டு சொல்லு, தம்பி."

றொபேட் சொன்னான். பொலிஸ்காரர் தலையாட்டிவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

"அது பிழை," என்றார் அழகரத்தினம்.

"அண்ணை, அவர் எழும்பிட்டார். விடுங்கோ."

"பிழையான தகவலோட போகக்கூடாது, தம்பி. ரெண்டு வால்வோட இருக்கேக்குள்ள இது ஊளையிட்டது. அந்த ஊளை ஏரியலால வெளியில போனது. அனுப்பினதுதான் எண்டு சொல்லு."

றொபேட் பொலிஸ்காரரைப் பார்த்து ஒரு சொல் சொன்னான்.

"என்ன சொன்னனீ?"

"நன்றி எண்டு சொன்னனான்."

அழகரத்தினம் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, பெட்டிக்குள் இருக்கிறதை வரைந்தார். நாலு வட்டம். முன்னிரண்டையும் வெட்டினார். ஏரியலிலிருந்து வெளியே போகிற மாதிரி ஒரு அம்பு போட்டார். பக்கத்தில் ஒரு வாயும் கீறினார். பொலிஸ்காரர் படத்தைப் பார்த்தார், றொபேட்டைப் பார்த்தார், திரும்பவும் கதிரையில் இருந்தார். அன்று இராசலட்சுமி சோறு வடிக்க மறந்துபோனாள். தேவமலரின் காகிதம் எந்தக் கட்டடத்தில் கிடக்கிறதோ, அதே கட்டடத்துக்குத்தான் அந்தப் படமும் போனது.

பத்து நாளில் வானொலி அலைகளைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். பெட்டியைத் திறந்து கண்டென்சர்களைத் தட்டினார். இவ்வளவு பழசு எப்படி வேலை செய்கிறது என்று றொபேட்டைக் கொண்டு கேட்டார். "சட்டைதான் பழசு. உள்ளுக்குப் புது ஆள்," என்றார் அழகரத்தினம். எஞ்சினியர் ஒன்றின் மெழுகைக் கீறிப் பார்த்துவிட்டு, கீறின இடத்தை விரலால் அமத்தி மூடினார். பிறகு முன்னிரண்டு வால்வையும் கழற்றி ஏரியலைப் பழையபடி கொடுக்கச் சொன்னார். மேல்வீட்டிலிருந்து கிறேஸ், "ஊளை வந்திட்டுது, வந்திட்டுது," என்று சத்தம் வைத்தாள். திரும்பப் போடச் சொன்னார். மேலே சத்தமில்லை. எழுதிக்கொண்டு போனார்.

சித்திரையில், ஒரு திங்கட்கிழமை, இரண்டு கடிதம் ஒன்றாக வந்தன. றொபேட் மேசையில் வைத்து வாசித்தான். கிறேஸும் இறங்கி வந்து நின்றாள். முதலாவது: தேவமலர் வரலாம். இராசலட்சுமி சாமிப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கிறேஸ் கண்ணை மூடித் தோத்திரம் சொன்னாள். அழகரத்தினம் அந்தக் கடிதத்தை வாங்கி, பேர் எழுதியிருந்த இடத்தை விரலால் தடவினார். மற்றது என்ன என்று கேட்டார்.

மற்றது எச்சரிக்கை. குற்றப்பணம் இல்லை, வழக்கு இல்லை. பதினாலு நாள் அயலவருடைய றேடியோவுக்கு இடைஞ்சல் கொடுத்திருக்கிறீர், இனிமேல் கூடாது. அவ்வளவுதான்.

"எத்தனை நாள்?"

"பதினாலு."

அவர் கொப்பியைப் புரட்டினார். "இருபத்தொரு நாள்," என்றார். எழும்பிக் கோட்டைப் போட்டார்.

"எங்க, அண்ணை?"

"பொலிசுக்கு."

இராசலட்சுமி ஓடிப்போய் அவருடைய சப்பாத்து இரண்டையும் எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டு வாசல்படியில் குந்திவிட்டாள். "அண்ணை, அவங்கள் குறைச்சுத்தானே எழுதியிருக்கிறாங்கள். அங்க தேவமலர் பத்து மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறாள். முத்திரை குத்தின ஈரம் காயேல்ல. இப்ப போய்க் கிண்டினால் முழு பைலையும் திரும்ப எடுப்பாங்கள்."

"எடுக்கலாம்," என்றார்.

"பிறகு?"

"பதினாலு எண்டால் மூண்டாம் கிழமை ஊளை இல்லை. அப்ப கிறேஸ் தங்கச்சி கேட்டது என்ன?"

"நான் பொய் சொன்னதாவே இருக்கட்டும், அண்ணை," என்றாள் கிறேஸ். அவள் குரல் நடுங்கினது. ஜெபத்துக்கு வெளியே அவளுக்குக் குரல் நடுங்கி யாரும் கேட்டதில்லை.

"நீங்கள் பொய் சொல்லேல்ல," என்றார் அழகரத்தினம்.

தம்பிமுத்து வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற மரச் செருப்பு வாசலில் கிடந்தது. அதற்குள் காலை விட்டார். இரண்டு இலக்கம் பெரிசு. இராசலட்சுமியைச் சுற்றிக் கவனமாகக் காலை வைத்து, கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியில் இறங்கினார். டொக், டொக். நாலாம் படியில் நின்றார். திரும்பி ஏறி வந்தார். கிறேஸ் மூச்சு விட்டாள்.

"தம்பி," என்றார் றொபேட்டிடம், "இருபத்தொண்டு டெனிஷில என்னெண்டு சொல்லுறது?"

அந்த வீட்டில் றொபேட் ஒருவனுக்குத்தான் அது தெரியும். அவன் பதினாலுக்கு உரிய சொல்லைச் சொல்லிக் கொடுத்திருந்தாலும் அங்கே ஆருக்கும் விளங்கியிராது. பெண்கள் இரண்டு பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். அவன் மேசையில் கிடந்த இரண்டு கடிதத்தையும் பார்த்தான்.

"ஏன் ஓ தூவ," என்றான். ஒன்றும் இருபதும்; பிழையில்லாத இருபத்தொன்று.

"ஏன் ஓ தூவ," என்றார் அழகரத்தினம். திரும்பி, படிக்கு ஒரு தரம் அதைச் சொல்லிக்கொண்டு, அந்தப் பெரிய செருப்போடு கீழே இறங்கிப் போனார்.